ஆளில்லா மதியம்

ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு அவர் வண்டிச் சாவியை அதற்குள் வைத்தார், முட்டைத் தட்டின் கடைசிக் குழியில். ஒலிப்பதிவு நடக்கும்போது ஃபிரிட்ஜ் உறுமக் கூடாது. ஆனால் அணைத்ததைத் திரும்பப் போட யாருக்கும் நினைவிருக்காது. சாவி உள்ளே இருந்தால், வெளியே கிளம்பும்போது எப்படியும் கதவைத் திறந்தாக வேண்டும். உள்ளே விளக்கு எரியாததைப் பார்த்தாவது சுவிட்சைப் போடத் தோன்றும். கல்யாணமான புதிதில் ஒருமுறை பாலும் மீனும் கெட்டு வீடு முழுக்க நாறியதிலிருந்து இந்தப் பழக்கம்.

“வாங்க, வாங்க, எல்லாரும் ஹாலுக்கு வாங்க. அஞ்சே நிமிஷம்,” என்றார். “இந்த அஞ்சு நிமிஷம் நாம யாருமே இந்த வீட்டுல இல்ல.”

“நான் ஏற்கெனவே இல்லண்ணா,” என்றாள் சோபாவில் சரிந்து கிடந்த அவருடைய தங்கை. இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ். சீருடையைக்கூட மாற்றவில்லை. ராத்திரியெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறவளுக்கு அண்ணன் வைத்த பெயர் ஆந்தை. வீட்டில் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

“வாயை மூடு. ஆந்தை கத்துறதைக் கேட்டா தூங்குறவன் எழுந்து உட்கார்ந்துடுவான்.”

“கத்தினா என்ன? அண்ணி வெட்டிடுவாங்க. அதுக்குத்தானே அவங்களைக் கட்டிக்கிட்ட.”

அவருடைய மனைவி சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தால் சரசரக்கும் என்று துடைக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள். ஆந்தை சொன்னதில் தப்பில்லை. அவர் சத்தங்களைப் பதிந்து வருவார். அவள் அவற்றை வெட்டிச் சுத்தம் செய்வாள். மழை, அலை, மூங்கில் தோப்பில் காற்று, தூரத்தில் போகும் ரயில். தூக்கம் வராதவர்களுக்கும் மனம் அடங்காதவர்களுக்கும் அமைதியான சத்தங்களை விற்கும் ஒரு நிறுவனத்துக்கு இருவரும் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். மழையையும் கடலையும் எல்லாரும் பதிந்துவிட்டார்கள், மதியத்தை எவனாவது பதிந்திருக்கிறானா என்று சில நாட்களாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதில் காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருக்கும் மதியம். எதுவும் நடக்காத வீடு. தலைக்கு மேல் ஃபேன். அதற்குத்தான் இது.

“அப்ப நாங்க எதுக்கு இங்க? வெளிய போய்டறோமே,” என்று அவள் கேட்டாள்.

“ஆள் இருக்கிற அறையோட சத்தம் வேற, காலி அறையோட சத்தம் வேற. ஆளோட கதகதப்பு எனக்கு வேணும். ஆளோட சத்தம் மட்டும் வேண்டாம்.”

தரையில் சம்மணமிட்டு, மைக்குக்குப் பஞ்சுத் தொப்பியை மாட்டி, ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு விரலை உயர்த்தினார். மூவரும் அசையாமல் இருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் வந்ததும் நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல் டக்கென்று ஒரு சின்னச் சத்தம். பழுது பார்க்க ஆள் கூப்பிடுகிறேன் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியும் அவர் விட்டதில்லை, அதுதான் அந்த ஃபேனின் குரல் என்பார். திரைச்சீலை ஜன்னல் கம்பியை உரசி விலகியது, கீழ்த் தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அடுத்த வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறி நின்றது, பிறகு அவை எல்லாவற்றுக்கும் அடியில் படுத்திருந்ததைப்போல மூன்று பேரின் மூச்சும் மெல்ல மேலே வந்தது. அவருக்கு மூக்கு எலும்பு வளைவு. மூச்சை விடும்போது கடைசியில் விசில் மாதிரி ஒரு நூல் இழுபடும். ஆந்தைக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்தது. அது போய்விட்டாலும், இழுக்கும் மூச்சின் முடிவில் ஒரு சின்ன விக்கல் தங்கிவிட்டது. தன்னுடைய மூச்சு எப்படி இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

விரலை இறக்கினார். “போதும். எல்லாரும் பிறந்தாச்சு.”

வேலை செய்யும் அறை முன்பு சாமான் போட்டு வைத்த அறை. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க நுரைப்பாளம் ஒட்டி, கதவிடுக்கில் ரப்பர் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். பகலா இரவா என்று தெரியாது. பசையின் வாசனையும் சூடான கம்ப்யூட்டரின் வாசனையும் எப்போதும் அங்கே நின்றிருக்கும்.

அவள் செய்கிற வேலை சொல்வதற்கு எளிது. எது வேண்டாதது என்று இயந்திரத்துக்கு முதலில் காட்ட வேண்டும். அந்தச் சத்தம் உள்ள ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, இதைக் கற்றுக்கொள் என்று சொல்ல வேண்டும். கற்றுக்கொண்டுவிட்டால் அந்தச் சத்தம் வேறெங்கே ஒளிந்திருந்தாலும் இயந்திரம் தேடிப்போய் எடுத்துவிடும். அவருடைய மூச்சுக்கு ஒரு மாதிரித் துண்டை அவள் எப்போதோ எடுத்து வைத்திருந்தாள், ஏனென்றால் எந்தக் காட்டில் போய் எதைப் பதிந்தாலும் அந்த விசில் கூடவே வந்துவிடும். அன்று மூன்று பேர் மூச்சு இருந்தது. தனித்தனியாகக் கற்றுக்கொடுப்பதற்குப் பதில், மூன்றும் சேர்ந்து கேட்ட ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு டக்குகளுக்கு நடுவே, டக் மாட்டிக்கொள்ளாதபடி கவனமாக. மாதிரிக்கு இயந்திரம் ஒரு பெயர் கேட்டது. ‘நாங்கள்’ என்று அடித்தாள்.

‘நாங்கள்’ எங்கே இருந்தாலும் நீக்கலாமா என்று திரை கேட்டது. ஆம் என்பதை அழுத்தினாள்.

பதிவின் வாலை அதன் தலையோடு இணைத்து, முடிவே இல்லாமல் சுற்றும்படி செய்து, அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார்.

“என்னங்க, எப்படி?”

“மூச்சைச் சுத்தமா எடுத்துட்ட.” ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தினார். “ஆனா ஏதோ… வீட்டைக் காலி பண்ணிட்டு ஃபேனை மட்டும் அணைக்க மறந்துட்டுப் போன மாதிரி இருக்கு.”

“நல்லால்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. அதான் ஒரு மாதிரி இருக்கு.” எழுந்து சோம்பல் முறித்தார். “தையல் தெரியுதான்னு படுத்துக்கிட்டே கேட்டுப் பார்க்கறேன். டீ போட்டா எழுப்பு.”

அவள் டீ போட்டாள். எழுப்பப் போனாள். ஹெட்ஃபோன் அவர் காதிலேயே இருந்தது. முகத்தில், பிடித்த பாட்டைக் கேட்கிறவரின் முகத்தில் இருக்கும் ஒரு தளர்வு. ஹெட்ஃபோனுக்குள்ளிருந்து பூச்சி அளவுக்கு, டக். பிறகு டக். பிறகு டக்.

இதயம் என்றார் மருத்துவர். தூக்கத்திலேயே. ஒன்றும் தெரிந்திருக்காது என்றும் சொன்னார்.

வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த ஜன்னலில்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, எங்கே போனாலும். எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்கள். அவள் தலையாட்டினாள். கூட்டம் கலைந்து ஆந்தையும் அவளும் மிஞ்சிய பிறகு ஒருநாள் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். முட்டைத் தட்டின் கடைசிக் குழியில் சாவி இருந்தது. ஃபிரிட்ஜை யார் போட்டார்கள் என்று நினைவில்லை, அவளாகத்தான் இருக்க வேண்டும். சாவியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. எடுக்காமல் மூடினாள்.

நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். முதலில் அழுவதுபோல் பேசிவிட்டு, பிறகு அந்தக் கடைசிப் பதிவைப் பற்றிக் கேட்டாள். அனுப்பினாள். அனுப்பக் கூடாது என்பதற்கு இவளுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. ‘ஆளில்லா மதியம்’ என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். அவர் செய்ததிலேயே அதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். மனசு அப்படியே காலியாகிவிடுகிறது, இவ்வளவு நிம்மதியாகத் தூங்கி வருஷக்கணக்காகிறது என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள்.

ஆந்தைக்குத்தான் தூக்கம் வரவில்லை. பணி முடிந்து வந்து திரைச்சீலையை இழுத்து விட்டுப் படுப்பாள், புரளுவாள், எழுந்து வந்து சமையலறையில் நிற்பாள்.

“அண்ணி, எங்க வார்டுல ஒருத்தர் கேட்டுக்கிட்டே தூங்குறாரு. எதைன்னு பார்த்தா நம்ம வீட்டு ஃபேன்.” சிரிக்கப் பார்த்தாள், கண்தான் நிறைந்தது. “ஊர்ல இருக்கிறவன்லாம் எங்க அண்ணன் சத்தத்துல தூங்குறான். நான் மட்டும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கும் அதைப் போட்டு விடுங்களேன்.”

கையடக்க ஒலிபெருக்கியை ஆந்தையின் கட்டிலருகே முக்காலியில் வைத்துப் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆந்தை தூங்கிப்போனாள். அதைப் பார்த்து அவளுக்குள் ஏதோ ஒன்று லேசாகத் தளர்ந்தது. இந்த உலகத்தில் தனக்கு மிச்சமிருப்பது இந்த ஒருத்திதான் என்று அப்போது நினைத்தாள். வருத்தம்கூட இல்லாமல், வீட்டில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று நினைப்பதைப் போல.

அடுத்த சில நாட்களும் அப்படியே போயின. ஒரு மதியம் உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு ஆந்தையின் அறைக்குப் போனாள். ஆந்தை மல்லாந்து படுத்திருந்தாள், போர்வை மார்பின் மேல் ஏறி இறங்கியது. ஒலிபெருக்கியில் அந்த மதியம் சுற்றிக்கொண்டிருந்தது. சைக்கிள் போனது, தொட்டி நிறைந்தது, திரைச்சீலை உரசியது. அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து துணி மடித்தாள். நான்கைந்து துணி மடித்த பிறகுதான் என்ன குறைகிறது என்று தெரிந்தது.

விக்கல்.

நிமிர்ந்து பார்த்தாள். மார்பு ஏறியது. உச்சியில் அந்தச் சின்ன உதறல் இருந்தது, தோளில் அது தெரிந்தது. ஆனால் சத்தம் இல்லை. தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து காதை ஆந்தையின் வாயருகே வைத்தாள். கன்னத்தில் வெதுவெதுப்பான காற்று பட்டது, ஆஸ்பத்திரிச் சோப்பின் வாசனையோடு. மறுபடியும் பட்டது. காதில் ஒன்றும் விழவில்லை. கடிகாரம் கேட்டது. கையிலிருந்து நழுவிய சட்டை தரையில் விழுந்தது கேட்டது. மூச்சு மட்டும் ஊமைப்படம் மாதிரி நடந்துகொண்டிருந்தது.

ஒலிபெருக்கியை அணைத்தாள்.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு, தூரத்தில் எங்கேயோ இருந்து நடந்து வருவது போல, மூச்சு வந்தது. முதலில் காற்று. அப்புறம் விக்கல்.

மாலையில் அதைச் சொன்னபோது ஆந்தை ரொட்டியை மென்றுகொண்டே கேட்டாள். “ஒரு பொண்ணு குறட்டை விடலைன்னு குறை சொல்ற ஒரே ஆள் நீங்கதான் அண்ணி.”

“குறட்டை இல்ல ஆந்தை. மூச்சுச் சத்தமே இல்ல.”

“காதுல ஏதாவது அடைச்சிருக்கும். ஹெட்ஃபோன் போட்டே உட்கார்ந்திருந்தா? நாளைக்கு வாங்க, காது டாக்டர்கிட்டக் காட்டலாம்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நீங்க ஒருநாள் அதைப் போட்டுக்கிட்டுப் படுத்துப் பாருங்க. நல்லாத் தூங்குவீங்க. சத்தியமா.”

அன்றுதான் அவளுக்கு இயந்திரத்திலிருந்த அந்தப் பொத்தானின் நினைவு வந்தது. வெட்டி எடுத்ததை மட்டும் கேட்பதற்கு ஒன்று இருந்தது. தேவையான எதையாவது தவறி வெட்டிவிட்டோமா என்று சரிபார்க்க. அவர் மூச்சு அதில் இருக்கும். அவர் இல்லாத வீட்டில் அவர் மூச்சு.

ஜன்னலில்லாத அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, ஹெட்ஃபோனை மாட்டி அழுத்தினாள். ஃபேன் இல்லை, திரைச்சீலை இல்லை. நடுவில், தாழ்வாக, அவர் தரையில் உட்கார்ந்திருந்த இடத்தில், விசில். இடப்பக்கம் சோபாவிலிருந்து ஆந்தை. வலப்பக்கம், தள்ளி, வேறு யாரோ ஒருத்தியின் மூச்சு. பயந்த மாதிரி மேலோட்டமான மூச்சு. அது யார் என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சமையலறை வாசலில் போட்டிருந்த நாற்காலி நினைவுக்கு வந்தது.

அதிலிருந்து தினமும் கேட்டாள். ஆந்தை மதியத்தைக் கேட்டுத் தூங்குவாள். அவள் பக்கத்து அறையில் உட்கார்ந்து அதிலிருந்து எடுத்ததைக் கேட்பாள். அழுகை அப்போதும் வரவில்லை, ஆனால் அந்த விசில் இழுபடும்போது தோள்கள் தானாக இறங்கின. அதுவே போதும் என்றிருந்தது.

அவர் மூச்சு முன்பைவிடப் பக்கத்தில் கேட்பதாகத் தோன்றியபோது அவள் அதை ஆசை என்று நினைத்தாள். தரையிலிருந்து வந்துகொண்டிருந்தது இப்போது காதின் உயரத்தில் வந்தது. பிறகு காதுக்கும் காதுக்கும் நடுவில். இதில் பயப்பட என்ன இருக்கிறது? அவர்தானே. ஒரு மதியம் இடப்பக்கம் சோபா காலியாக இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். காலிதான். விக்கல் நடுவில் இருந்தது, விசிலுக்குப் பக்கத்தில், ஒட்டிக்கொண்டு.

இரண்டும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின.

அன்று பணிக்குக் கிளம்பிய ஆந்தை படியிறங்கிப் போவதை அவள் மேலே நின்று பார்த்தாள். செருப்புச் சத்தம் கேட்டது, கைப்பையின் ஜிப் கேட்டது. மறந்துவிட்ட குடையை எடுக்க மூன்று மாடி ஏறி ஓடி வந்தவள் வாசலில் நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை, தோள் ஏறி ஏறி இறங்கியது. ஒரு மூச்சிரைப்பும் கேட்கவில்லை.

“என்ன அண்ணி… அப்படிப் பார்க்கறீங்க.” வார்த்தைகள் வறண்டு வந்தன, உள்ளே காற்றே இல்லாமல் உதடுகளால் மட்டும் பேசுவதுபோல.

“உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. இன்னிக்கு ஒரு தமாஷ் சொல்ல மறந்துட்டேன். எங்க டாக்டரம்மா சும்மா என் நெஞ்சுல ஸ்டெத் வெச்சுப் பார்த்தாங்க. ‘இது கெட்டுப்போச்சு, வேற கொண்டா’ன்னாங்க. வேற கொடுத்தா அதுவும் கெட்டுப்போச்சாம்.” சிரித்தாள். பல் தெரிந்தது, கண் சுருங்கியது. “உள்ள ஆளே இல்ல போலிருக்குடின்னாங்க.”

ஆந்தை போனதும் கதவைச் சாத்திவிட்டு அவள் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனாள். மாதிரிகளின் வரிசையைத் திறந்தாள். மேலே பழைய மாதிரி, அவர் மூச்சு மட்டும். அதற்குக் கீழே, அவளே அடித்த பெயர்.

நாங்கள்.

எங்கே இருந்தாலும். ஆம்.

மாதிரியை அழித்தாள். பதிவை அழித்தாள், நகலை அழித்தாள், கையடக்க ஒலிபெருக்கியைப் பிடுங்கி அலமாரியின் அடியில் போட்டாள். நிறுவனத்துப் பெண்ணைக் கூப்பிட்டு அதை எடுத்துவிடச் சொன்னாள். “மேடம், பிச்சுக்கிட்டுப் போகுது, இப்பப் போய்…” என்றாள் அந்தப் பெண். “உங்க மனசு எனக்குப் புரியுது மேடம். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. நம்ம சத்தத்தையே ஏதாவது ஒண்ணு போட்டுக் கேளுங்களேன்.”

காலையில் ஆந்தை வந்ததும் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “எனக்காக. காரணம் கேட்காத. இனிமே அதைக் கேட்காத.”

ஆந்தை வெகுநேரம் அவளைப் பார்த்தாள். நோயாளிகளைப் பார்த்துப் பழகிய பார்வை. “அழிச்சுட்டீங்களா? அண்ணன் கடைசியாச் செஞ்சதை?”

“உன் மூச்சு அதுல போகுது ஆந்தை.”

“அண்ணி.” மெல்ல அவள் தலையைத் தடவினாள். “அண்ணன் போனப்ப நீங்க அழவே இல்ல. அது எங்கயாவது ஒரு வழியா வெளிய வரத்தான் செய்யும். சரி, கேட்கல. போதுமா? எனக்கும் உங்களை விட்டா யாரு இருக்கா.”

அந்தச் சொல்லை நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய? இரண்டு மூன்று நாள் ஆந்தை தூங்காமல் புரளுவது சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது. கட்டில் முனகுவது, பெருமூச்சு, விக்கல். அதைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள். அவள் தூங்காமல் இருப்பதில் இவளுக்கு ஒரு நிம்மதி.

பிறகு ஒருநாள், பால் வாங்கிக்கொண்டு படியேறும்போது கரண்ட் போனது. மாடிப்படி விளக்கு அணைந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, யார் வீட்டிலோ ஒரு டிவி நடுவார்த்தையில் ஊமையானது, கட்டடம் முழுக்க ஒரு பெரிய மிருகம் படுத்துக்கொண்டதுபோல் அமைதி இறங்கியது. பூட்டைத் திறந்தாள். ஹாலில் மதிய வெயில் திரைச்சீலையின் நிறத்தில் தரையில் கிடந்தது. மின்விசிறி வேகம் குறைந்து, குறைந்து, நின்றது. அதன் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

டக்.

இறக்கை அசையவில்லை.

டக்.

தெருவில் சைக்கிள் போனது. தெருவில் இல்லை. ஆந்தையின் அறைக்குள் போனது. அறைக்குள் தொட்டியில் தண்ணீர் ஏறியது.

வெளியிட்டதை யார் வேண்டுமானாலும் வாங்கிக் கேட்கலாம். ஊரே கேட்கிறது. ஆந்தையும் அதை வாங்கிக் கேட்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பால் பை கையிலிருந்து நழுவியது. கதவைத் தள்ளினாள். ஆந்தை மல்லாந்து படுத்திருந்தாள். சீருடையோடு. மார்பின் மேல் போன். போன் ஏறவில்லை. இறங்கவில்லை. முகத்தில் அந்தத் தளர்வு. பிடித்த பாட்டைக் கேட்கிற முகம்.

“ஆந்தை.”

தோளை உலுக்கினாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. வாயருகே காதை வைத்தாள். கன்னத்தில் எதுவும் படவில்லை. போனை எடுத்து அணைத்தாள். அணைந்தது, திரை கறுத்தது. காத்திருந்தாள். அன்று வந்ததே, தூரத்திலிருந்து நடந்து, அதுபோல் வரும் என்று. முதலில் காற்று. அப்புறம் விக்கல்.

வந்தது.

இந்த அறையிலிருந்து இல்லை.

எழுந்தாள். ஹால். ஜன்னலில்லாத அறையின் கதவு. உள்ளே கும்மிருட்டு, பசை வாசனை. கம்ப்யூட்டரில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. கையால் துழாவினாள். ஆணியில் மாட்டிய ஹெட்ஃபோன் கையில் பட்டது. மின்சாரம் இல்லாத வீட்டில், அழிக்கப்பட்ட ஒன்று, அதற்குள். காதில் வைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் வைத்தாள்.

விசில். விக்கல். நடுவில், நெருங்கி, ஒரே வீட்டில் நன்றாகத் தூங்குகிறவர்கள் மாதிரி.

வலப்பக்கம் நாற்காலி காலியாக இருந்தது.

பிறகு மூன்றாவதைக் கேட்டாள். மேலோட்டமான மூச்சு. இப்போது பயம் இல்லாத மூச்சு. நடுவில்தான், அவர்களுக்கு இடையில், இடம் விட்டு வைத்திருந்த இடத்தில்.

கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது, வாய் திறந்தது. நுரைச் சுவர்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் கேட்கவில்லை.

ஹாலுக்கு வந்தாள். சிந்திய பால் தரையில் பரவிச் சோபாவின் காலைத் தொட்டிருந்தது. மின்விசிறி அசையாமல் தொங்கியது. டக் என்றது. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள், வைத்தாள், வைத்துக்கொண்டே நின்றாள். வெயில் தரையில் கொஞ்சம் நகர்ந்தது.

மற்றக் கையால் ஃபிரிட்ஜைத் திறந்தாள். விளக்கு எரியவில்லை. முட்டைத் தட்டின் கடைசிக் குழியில் சாவி இருந்தது.